நீரளந்த பெருந்தகை விசுவேசுவரய்யா

வாலாஜாபாத்தை ஒட்டிப் பரந்து கிடக்கும் பாலாற்றை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கு நம் கண்ணிற்படுவது நீரன்று, மணலே. எனினும், அம்மணலின் அடியில் ஊறும் நீரே காஞ்சி வட்டாரத்து ஊர்கள் பலவற்றின் வேட்கையைத் தணிக்கின்றது. கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் வழியே தமிழகம் புகுந்து, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நடந்து, வயலூர் அருகே கடலிற் கலக்கும் ஆறு இது. இந்த ஆறு பிறந்த அதே நந்திமலைச் சாரலில்தான், நீரை அளந்து காக்கும் கலையில் தலைசிறந்து விளங்கிய மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவும் பிறந்தார்.

முத்தனஹள்ளி அவர் பிறந்த சிற்றூர். செப்டம்பர் 15 அவர் பிறந்த நாள். அந்நாளையே இன்று நாடு பொறியாளர் நாளாகக் கொண்டாடுகின்றது. இளமையிலேயே தந்தையை இழந்து வறுமையில் உழன்ற அவர், பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி ஈட்டிய பொருளைக் கொண்டு பெங்களூரில் கல்வி பயின்றார். 1881இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்ப் புனே சென்று, 1883இல் பொறியியல் தேர்வில் முதன்மையாகத் தேறினார். மறு ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் அமர்ந்தார்.

சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் வழங்கும் பணி 1890களில் அவரிடம் வந்தது. ஆற்றுநீரோ சேறு கலந்தது; வடிகட்டும் தொட்டிகள் அமைக்க நகராட்சியிடம் போதிய பொருளில்லை. ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டி, மணலையே வடிகட்டியாக்கித் தெளிந்த நீரை எடுத்தார் அவர். பாலாற்று மணலின் அருமையை அறிந்த நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

அவருடைய புகழை நிலைநாட்டியது புனே அருகிலுள்ள கடக்வாசலா ஏரியாகும். மழைக்காலத்தில் அதன் கலிங்கின் மேல் பல அடி உயரத்துக்கு நீர் வழிந்தோடி வீணாயிற்று. கோடையிலோ நீர் போதவில்லை. கலிங்கைக் கல்வைத்து உயர்த்தினால் பெருவெள்ளத்தில் அணைக்கே ஊறு நேரும். இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்த அவர், தாமே இயங்கும் மதகுக் கதவுகளை வகுத்தார். எதிர்எடைகளுடன் பிணைக்கப்பெற்ற அக்கதவுகள், நீர்மட்டம் குறித்த எல்லையைத் தொடும்வரை மூடியிருக்கும். எல்லை மீறினால் எடைச்சமன் மாறித் தாமே திறந்துகொள்ளும். மட்டம் தாழ்ந்ததும் மீண்டும் மூடும். 1903இல் அவை பொருத்தப்பெற்றன. ஏறத்தாழ 8 அடி உயரத்துக்கு மிகுதியாக நீர் நின்றது. கொள்ளளவு கால் பங்கு பெருகியது. நீரின் அளவைக் காவலனின் கண்ணுக்கு விட்டுவிடாமல் கருவியின் பொறுப்பில் வைத்த முயற்சி அது.

தேக்கிய நீரை வயலுக்குப் பகிர்வதிலும் அவர் கணக்கையே நாடினார். 1899இல் அவர் வகுத்த தொகுதிப் பாசன முறை, பயிருக்கு வேண்டிய நீரை வரையறுத்து முறைவைத்து வழங்கியது. வரம்பின்றிப் பாய்ச்சிப் பழகிய உழவர் முதலில் அதனை எதிர்த்தனர். அளவுக்கு மிஞ்சிய நீர் நிலத்தையும் கெடுத்து நோயையும் வளர்க்கும் என்பதை அவர் பொறுமையுடன் எடுத்துரைத்தார்.

1906இல் ஏடன் நகரின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஆராய்ந்தார். 1908இல் மூசி ஆற்று வெள்ளம் ஐதராபாத்தைச் சூறையாடியபோது, நிஜாம் அரசு அவரை அழைத்தது. அவர் தந்த அறிவுரையின் பயனாய் எழுந்தவையே உசுமான் சாகர், இமாயத் சாகர் என்னும் நீர்த்தேக்கங்கள். 1909இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளரானார். 1912 முதல் 1918 வரை திவானாக விளங்கினார். அவர் முனைந்து தொடங்கிய கிருட்டிணராச சாகர் அணையால் சென்னை மாகாணத்துடன் பூசல் எழுந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அப்பூசலைத் தணிக்க வந்த 1924ஆம் ஆண்டு ஒப்பந்தமும், மேலணையில் அளந்தறியும் நீரோட்டத்தையே அடிப்படையாகக் கொண்டது. 1955இல் பாரத ரத்னா விருது பெற்ற அப்பெரியார், நூற்றாண்டு விழாக் கண்டபின் 1962இல் மறைந்தார்.

அளவறியாமல் நீரைக் காக்க இயலாது என்பதே அவர் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம். இன்று கிணற்றடியில் ஒரு நீர்மானியும், தெருக்குழாய் பிரியுமிடத்தில் ஒரு நீர்மானியும் பொருத்தினால் போதும். இரண்டின் கணக்கும் ஒவ்வாதபோது இடைவழியில் கசிவுண்டு என்பது வெளிப்படும். ஊர் உறங்கும் நள்ளிரவில் மீட்டர் முள் விரைந்து சுழலுமாயின், மண்ணுக்கடியில் எங்கோ குழாய் உடைந்துள்ளது எனலாம். நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாயும் ஒரு நாளில் ஏறத்தாழ நான்கு லிட்டர் நீரை இழக்கின்றது.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு இடந்தந்தவர்கள் நம் முன்னோர். ஓடும் ஆற்றுக்கே அந்நெறி பொருந்துமாயின், மணலாய்க் கிடக்கும் பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு அது எத்துணைக் கடமையாகும்! நம் இல்லத்திலும், பள்ளிவாசல் ஹவுளிலும், கல்லூரி விடுதியிலும் செலவாகும் நீரை அளந்தறிய இன்றே தொடங்குவோம். அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.