டார்வினுக்குக் கடிதம் போன எரிமலைத் தீவு: யார் இந்த ஆல்ஃபிரட் வாலஸ்?

கிழக்கு இந்தோனேசியாவில் தெர்னாத்தே என்று ஒரு சின்னத் தீவு. தீவு என்பதைவிட, கடலுக்குள்ளிருந்து தலைதூக்கி நிற்கும் எரிமலை என்றே சொல்லிவிடலாம். மலையின் பெயர் கமலாமா. உயரம் சுமார் 1,700 மீட்டர். ஊர், சந்தை, தோப்பு எல்லாம் அடிவாரத்தில் கடலை ஒட்டித்தான். ஒரு காலத்தில் கிராம்புக்காக ஐரோப்பியர்கள் அடித்துக்கொண்ட இடம். 1858 ஜனவரி 8ஆம் தேதி ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அங்கே வந்து இறங்கினார். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள், வயது 35.

ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் அல்ல. பூச்சியும் பறவையும் பிடித்து, பாடம் செய்து, லண்டனில் இருந்த முகவர் மூலம் விற்பதுதான் அவருடைய பிழைப்பு.

கப்பலோடு எரிந்த சேகரிப்பு

வாலஸ் 1823இல் வேல்ஸில், அஸ்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். குடும்பத்தில் காசு கரைந்துபோனதால் 14 வயதுக்குள் பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. அண்ணனோடு நில அளவை வேலைக்குப் போனார். கல்லூரிப் பக்கமே போகாத ஆள். வண்டு சேகரிப்பில் பிடித்த பைத்தியம் அவரை 1848இல் அமேசான் காடுவரை கொண்டுபோனது.

நாலு வருஷ உழைப்பு 1852இல் கப்பலேறியது. நடு அட்லாண்டிக்கில் கப்பல் தீப்பிடித்தது. படகில் பத்து நாள் தத்தளித்து உயிர் பிழைத்தார். சேகரிப்பில் பெரும்பகுதி போயே போச்சு. கையில் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டியும் கொஞ்சம் படங்களும். வேறு யாராக இருந்தாலும் வீட்டோடு அடங்கியிருப்பார்கள். இவர் 1854இல் சிங்கப்பூரில் வந்து நின்றார்.

கூரைக்குள் மலைப்பாம்பு

தெர்னாத்தேயில் அவர் வாடகைக்குப் பிடித்தது கொஞ்சம் சிதிலமான வீடு. டொய்வன்போடன் என்ற டச்சு வணிகர்தான் பார்த்துக் கொடுத்தார். கல் சுவர் மூன்றடிதான். அதற்கு மேல் மரத்தூண்கள், சாகோ பனை மட்டைகள், வேய்ந்த கூரை. 1840இல் இந்த ஊரில் பெரும்பாலான வீடுகள் நிலம் குலுங்கித் தரைமட்டமானவை என்பதை நினைத்தால், கனமான சுவர் இல்லாததே நல்லது. ஆழக் கிணறு, நடக்கும் தூரத்தில் சந்தை. மூன்று வருஷம் அதுதான் அவருக்குத் தாய்வீடு. இங்கிருந்து கிளம்பிச் சுற்றுத்தீவுகளில் அலைந்துவிட்டு, உடம்பு ஓய்ந்து திரும்பி வருவார்.

அலைச்சல் லேசுப்பட்டதல்ல. தெர்னாத்தேக்கு வருவதற்குச் சில வாரம் முன்பு, அம்போன் தீவில் ஓர் இரவு. தலைக்கு மேலே கூரையில் ஏதோ சரசரத்தது. கண்டுகொள்ளாமல் தூங்கிவிட்டார். மறுநாள் நிமிர்ந்து பார்த்தால் மஞ்சளும் கறுப்புமாக, சுருண்டு கிடக்கிறது சுமார் 12 அடி மலைப்பாம்பு! புரு தீவைச் சேர்ந்த ஒருவர் பிரம்பில் சுருக்குப் போட்டு இழுத்துத்தான் அதை வெளியே கொண்டுவர முடிந்தது.

காய்ச்சலில் பிறந்த யோசனை

1858 பிப்ரவரியில் விட்டு விட்டுக் காய்ச்சல். குளிர் நடுக்கம் வரும்போதெல்லாம் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பல வருஷம் முன்பு படித்த மால்தஸின் மக்கள்தொகை நூல் நினைவுக்கு வந்தது. பசியும் நோயும் மனிதர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது என்றால், விலங்குகளுக்கும் அப்படித்தானே? வருஷா வருஷம் ஏராளமாகப் பிறக்கின்றன, பெரும்பாலானவை சாகின்றன. எது தப்பிக்கிறது? சூழலுக்குப் பொருந்தியது. அந்தப் பொருத்தம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தால் புது உயிரினம் உருவாகிவிடும். அன்று மாலை எழுத உட்கார்ந்தவர் அடுத்த இரண்டு மாலைகளில் முடித்துவிட்டார். பக்கத்து ஹல்மஹேரா தீவில்தான் காய்ச்சல் கண்டது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. கட்டுரையில் அவர் குறித்த ஊர் தெர்னாத்தே.

அதை அனுப்பியது சார்லஸ் டார்வினுக்கு. இதே யோசனையை கிட்டத்தட்ட 20 வருஷமாக வெளியிடாமல் வைத்திருந்த டார்வினுக்கு ஜூன் மாதம் அது கையில் கிடைத்ததும் இடி விழுந்த மாதிரி ஆனது. நண்பர்கள் லயலும் ஹூக்கரும் ஒரு வழி சொன்னார்கள். 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவருடைய எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டது. டார்வினுடையது முதலில், வாலஸுடையது பிறகு.

வாலஸிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் அவர் நியூ கினியில், கணுக்காலில் புண் வைத்து, வாரக்கணக்கில் வீட்டோடு முடங்கிக் கிடந்தார். பிறகு தெரிய வந்தபோது மகிழ்ச்சியே அடைந்தார். 1889இல் தான் எழுதிய நூலுக்கே 'டார்வினிசம்' என்றுதான் பெயர் வைத்தார். டார்வின் முன்பே யோசித்திருந்தார் என்பதும் உண்மை. ஆனாலும் ஒருவர் புகார் சொல்லவில்லை என்பதாலேயே, கேட்காமல் செய்தது சரியாகிவிடாது.

அலி சுட்ட பறவை

வாலஸின் பெயரிலும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர், சமையலில் தொடங்கி, பறவை சுடுவதிலும் தோலை உரித்துப் பாடம் செய்வதிலும் தேர்ந்துவிட்டார். 1858 அக்டோபரில் பச்சான் தீவில், மார்பில் பச்சை மினுங்க, தோள்களிலிருந்து நீண்ட வெள்ளை இறகுகள் கிளம்பும் ஒரு பறவையை இடுப்பில் தொங்கவிட்டபடி வந்தார். அறிவியலுக்குப் புதிய சொர்க்கப் பறவை. அதன் அறிவியல் பெயரில் இன்றும் இருப்பது வாலஸ்.

அதே பச்சானில்தான் பொன்னிறச் சிறகுப் பட்டாம்பூச்சி ஒன்று வாலஸ் வலையில் விழுந்தது. நெஞ்சு படபடத்து, மயக்கமே வரும்போல ஆகி, மிச்ச நாளெல்லாம் தலைவலி. உலகின் மிகப் பெரிய தேனீயினமும் அங்கே கிடைத்தது. அதற்குப் பிறகு 1981 வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

எட்டு வருஷத்தில் சேர்த்தவை 1,25,660. அதில் வண்டுகள் மட்டும் 83,200. ஆசிய விலங்குகளையும் ஆஸ்திரேலிய விலங்குகளையும் பிரிக்கும் எல்லை பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே ஓடுகிறது என்று கண்டுகொண்டதும் இந்த அலைச்சலில்தான். 1862இல் ஊர் திரும்பினார். 1869இல் வந்த பயண நூலை டார்வினுக்குக் காணிக்கையாக்கினார். பணம் மட்டும் கடைசிவரை கையில் நிற்கவில்லை. டார்வின் முயன்று 1881இல் வருஷத்துக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் வாங்கித் தந்தார். ஆவிகளை நம்பியதும், தடுப்பூசியை எதிர்த்ததும் அவர் பெயருக்கு நல்லது செய்யவில்லை. 1913இல், 90 வயதில் காலமானார்.

அலியை அவர் 1862இல் சிங்கப்பூரில் பிரிந்தார். பணமும் துப்பாக்கிகளும் கொடுத்து, ஒரு புகைப்படமும் எடுக்கச் செய்தார். அலி தெர்னாத்தேயிலேயே பெண் எடுத்திருந்தவர். 1907இல் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பர் அந்தத் தீவுக்குப் போனபோது, முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு முதியவர் எதிரே வந்து நின்றார். தன் பெயர் அலி வாலஸ் என்றார்.