அலைச்சுவரும் அய்னோ ஆல்டோவும்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், 1894 ஜனவரி 25ஆம் திகதி ஒரு ரயில்வே ஊழியரின் மகளாகப் பிறந்தவர் அய்னோ மார்சியோ. அந்நகரின் பெண்கள் பாடசாலையொன்றில் 1913இல் படிப்பை முடித்து, அதே ஆண்டு கட்டடக்கலை பயிலத் தொடங்கினார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதி. 1920இல் அவர் பட்டம் பெற்றபோதோ அது சுதந்திரமடைந்து மூன்று ஆண்டுகளும் நிறையாத புதிய நாடு.

1924இல் அல்வார் ஆல்டோ என்ற இளம் கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டில் அவரையே மணந்தார். அய்னோ கணவரைவிட நான்கு வயது மூத்தவர். இரண்டு பிள்ளைகளை வளர்த்தபடியே வரைபடப் பலகையையும் அவர் கைவிடவில்லை.

1932இல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை நடத்திய போட்டிக்கு, நீரில் கல் விழுந்தால் எழும் வளையங்களைப் போன்ற வரிகளுடைய குவளைகளை வரைந்து அனுப்பி இரண்டாம் பரிசு பெற்றார். மலிவான அச்சுக் கண்ணாடியிலுள்ள குறைகளை அந்த வரிகள் மறைத்துவிடும். சாதாரண வீட்டுச் சமையலறையை நன்கு அறிந்த ஒருவருக்கே வரக்கூடிய யோசனை இது. 1935இல் ஆல்டோ தம்பதியர் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ஆர்டெக் என்ற தளபாட நிறுவனத்தைத் தொடங்கினர். பிற்காலத்தில் அதன் நிர்வாகத்தையும் அய்னோ ஏற்றார்.

1938இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் இவர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. தலைப்பில் அல்வாரின் பெயர் மட்டுமே இருந்தது. ஒரே அலுவலகத்தில் சேர்ந்து உழைத்த இருவரில் ஒருவரின் பெயர் இப்படி விடுபட்டுப் போவது அக்காலத்தில் புதிதல்ல.

அடுத்த ஆண்டு நியூயோர்க்கில் உலகக் கண்காட்சி நடக்கவிருந்தது. அதில் பின்லாந்து மண்டபத்தை வடிவமைப்பதற்கான போட்டியில் முதல் மூன்று பரிசுகளும் ஆல்டோ வீட்டுக்கே கிடைத்தன. அவற்றுள் ஒன்று அய்னோ தனித்து அனுப்பிய திட்டம்.

ஆனால் கிடைத்த இடம் பெருமைக்குரியதல்ல. ஏற்கெனவே கட்டப்பட்ட, பெட்டி போன்ற ஒடுங்கிய மண்டபம் அது. வெளியே அலங்கரிக்க வழியில்லை. ஒரு சிறிய நாடு தான் யாரென்று உலகத்துக்குச் சொல்ல உட்புறம் மட்டுமே எஞ்சியது. அங்கே சுமார் 16 மீற்றர் உயரத்தில், முன்னோக்கிச் சாய்ந்து வளைந்து வளைந்து செல்லும் மரச்சுவர் எழுந்தது. உச்சியில் நாட்டின் படங்கள். அதன் கீழே மக்கள். அதற்கும் கீழே அவர்களின் உழைப்பு. அடியில் அந்த உழைப்பால் உருவான பொருட்கள். சுவர் வளைந்ததால் ஒடுங்கிய இடத்திலும் அதிகம் காட்ட முடிந்தது. சாய்ந்ததால் கீழே நிற்பவருக்கும் உச்சியிலுள்ள படம் தெரிந்தது. காடுகளின் நாட்டுக்கு மரத்தைவிடப் பொருத்தமான மொழி ஏது? வட வானில் அசையும் துருவ ஒளியை அந்தச் சுவரில் கண்டவர்கள் பலர். பின்னிஷ் மொழியில் ஆல்டோ என்றால் அலை என்று பொருள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அதே மைதானத்தில் சோவியத் ஒன்றியம், செந்நட்சத்திரம் ஏந்திய தொழிலாளியின் பிரமாண்டமான சிலையுடன் தன் மண்டபத்தை எழுப்பியிருந்தது. கண்காட்சியின் முதற் பருவம் 1939 ஒக்டோபரில் முடிந்தது. நவம்பர் 30ஆம் திகதி சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. போர் 105 நாட்கள் நீடித்தது. பின்லாந்து தன் நிலத்தில் ஒரு பகுதியை இழந்தது, சுதந்திரத்தை இழக்கவில்லை. 1940இல் கண்காட்சி மீண்டும் திறந்தபோது சோவியத் மண்டபம் அகற்றப்பட்டிருந்தது. பின்லாந்தின் மரச்சுவரோ, அதே மக்களின் முகங்களைத் தாங்கியபடி நின்றது. அந்த ஆண்டு ஒக்டோபரில் கண்காட்சி முற்றாக முடிய, அதுவும் மறைந்தது. இன்று நமக்குக் கிடைப்பவை அதன் புகைப்படங்களும் வரைபடங்களுமே.

அய்னோ 1949 ஜனவரி 13ஆம் திகதி, 55 வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், புற்றுநோயால் காலமானார். வளைய வரிகளுடைய அவரது குவளைகள் இன்றும் அவர் பெயரிலேயே விற்கப்படுகின்றன.