பள்ளி ஆசிரியர் டூ கலைக்களஞ்சியம்: யார் இந்த பெரியசாமி தூரன்? கொங்கு மண்ணிலிருந்து வந்த வாத்தியாரின் கதை

கச்சேரிகளில் அடிக்கடி கேட்கிற 'முருகா முருகா', 'கலியுக வரதன்' பாடல்களை எழுதியவர் யார்னு கேட்டா, பலர் கொஞ்சம் யோசிப்பாங்க. இன்னொரு கேள்வி: தமிழின் முதல் நவீன கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் யார்? இரண்டுக்கும் ஒரே பதில்தான், பெரியசாமி தூரன். ஆனால் இந்த இரண்டு அடையாளங்களுக்கும் முன்னால், கொங்கு நாட்டில் பாடம் நடத்திய பள்ளி ஆசிரியர் அவர்.

ஒரு வாத்தியார் பள்ளியை விட்டுவிட்டு 10 தொகுதி கலைக்களஞ்சியம் செய்யப் போனது ஏன்? பார்க்கலாம்.

தூரன் என்பது புனைபெயரா?

இல்லை. அது குலப்பெயர். கொங்கு வேளாளர்களில் தூரன் குலத்தைச் சேர்ந்தவர் பெரியசாமி. ஈரோடு அருகே மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டு வலசு என்ற சிற்றூரில் 1908 செப்டம்பர் 26-ம் தேதி பிறந்தார். அப்போ ஈரோடு தனி மாவட்டம் கிடையாது, கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

விவசாயக் குடும்பம். காட்டு வேலையின்போதும் களத்து மேட்டிலும் பாடுகிற நாட்டுப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். பின்னாளில் அந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்து, 'காற்றில் வந்த கவிதை' என்ற பெயரில் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

தேர்வு எழுதாத மாணவர்

உயர்கல்விக்குச் சென்னை போனவர், மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். எடுத்த பாடம் தமிழ் அல்ல, கணிதம். ஆனால் மனசு முழுக்க தமிழ், தேசம், பாரதி. நண்பர்களோடு சேர்ந்து 'பித்தன்' என்ற இதழையும் நடத்தினார்.

1931 மார்ச் 23-ம் தேதி லாகூர் சிறையில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். நாடே கொதித்தது. அந்த நேரத்தில்தான் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு. ஆங்கிலேய அரசின் செயலை எதிர்த்து தூரன் அந்தத் தேர்வை எழுதவில்லை. கிராமத்து விவசாயக் குடும்பத்தில் ஒரு பையனை சென்னை வரை அனுப்பிப் படிக்க வைப்பது சாதாரண விஷயமில்லை. அந்தப் படிப்பின் கடைசிப் படியில் எடுத்த முடிவு அது.

ஊர் திரும்பியவருக்குக் கிடைத்தது ஆசிரியர் வேலை. கோபிசெட்டிபாளையம் வைரவிழா உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பள்ளியின் பெயரில் இருக்கும் வைரவிழா, விக்டோரியா மகாராணி ஆட்சியின் வைரவிழா!

இரண்டாவது பள்ளி

கோபியில் சில காலம் வேலை பார்த்த பிறகு, தூரன் இன்னொரு பள்ளிக்குப் புறப்பட்டார். கோவையில் தி.சு.அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் அது. 1934-ல் கோவை வந்த காந்தி, பெரியநாயக்கன்பாளையத்தில் இதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

வழக்கமான பள்ளியிலிருந்து இது ரொம்பவே மாறுபட்டது. குருகுல முறை. மாணவர்களும் ஆசிரியர்களும் வளாகத்திலேயே தங்குவாங்க. மணி அடித்ததும் வாத்தியார் வேலை முடிஞ்சுடாது. சாதி பார்க்காமல் சேர்ந்து சாப்பிடுவது அங்கே பாடத்தின் ஒரு பகுதி. தூரன் அங்கே தலைமை ஆசிரியராகவும் இருந்தார்.

பிள்ளைகளோடே வாழ்ந்த அனுபவம் அவர் எழுத்தில் தெரிந்தது. குழந்தைகளுக்குக் கதை, பாட்டு எழுதினார். குழந்தை மனம், உளவியல், பாரம்பரியம் பற்றியெல்லாம் எளிய தமிழில் புத்தகங்கள் எழுதினார்.

பாரதியைத் தேடி

இதற்கு நடுவே இன்னொரு வேலையும் நடந்தது. பாரதி 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்துவிட்டு, சென்னையில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் சேர்ந்தார். அதில் அவர் எழுதியவற்றில் நிறைய புத்தகமாகவே வரவில்லை. பழைய இதழ்களைப் புரட்டி அவற்றைத் தேடி எடுத்தார் தூரன். அந்தத் தேடலின் பலனாக 1953-ல் வந்ததுதான் 'பாரதி தமிழ்'. ஜெராக்ஸ் இல்லாத காலம் என்பதை மறந்துடக் கூடாது.

பள்ளியை விட்டது ஏன்?

1946-ல் அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வியைக் கொண்டுவர முனைந்தார். அப்போது எழுந்த பெரிய கேள்வி இதுதான்: இயற்பியலும் மருத்துவமும் தமிழில் சொல்லித்தர முடியுமா? அதற்குச் சொற்கள் எங்கே? புத்தகங்கள் எங்கே?

அதே ஆண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவானது. கலைக்களஞ்சியம் தயாரிப்பது அதன் முதல் பெரிய திட்டம். ஏற்கெனவே 1910-ல் ஆ.சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்திருந்தது. ஆனால் அது பெரும்பாலும் புராணம், இலக்கியம் சார்ந்தது. அறிவியல் உட்பட எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒன்று தேவைப்பட்டது.

முதன்மை ஆசிரியர் பொறுப்புக்கு அழைக்கப்பட்டவர் தூரன். 1948-ல் பள்ளியை விட்டு சென்னைக்குப் போனார். அப்போது வயது 40-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. தமிழில் யாரும் செய்து பார்க்காத வேலை. எப்போ முடியும்னும் தெரியாது.

வேலை எப்படி நடந்தது?

முதலில் தலைப்புகளைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் துறை அறிஞரைப் பிடிக்க வேண்டும். விஷயம் தெரிந்தவருக்குத் தமிழில் எழுத வராது, தமிழ் எழுதுகிறவருக்கு விஷயம் தெரியாது. இதுதான் பெரிய தலைவலி. ஆங்கிலத்தில் வந்த கட்டுரைகளைத் தமிழாக்கணும், கலைச்சொல் இல்லாத இடத்தில் புதுசா உருவாக்கணும். அதுவும் எல்லாத் தொகுதியிலும் ஒரே சொல்லாக இருக்கணும். ஒரு சொல் மாறினால் அகர வரிசையில் அந்தக் கட்டுரையின் இடமே மாறிவிடும்.

முதல் தொகுதி 1954-ல் வந்தது. ஒன்பதாவது தொகுதி 1963-ல். இணைப்புத் தொகுதியான பத்தாவது 1968-ல். கிட்டத்தட்ட 20 வருட உழைப்பு. அந்த 1968-ம் ஆண்டில்தான் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

அதோடு ஓய்வெடுத்தாரா என்றால், இல்லை. அடுத்ததாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம். அதுவும் 10 தொகுதிகள். 1976-ல் முடிந்தது. பெரியவர்களுக்கான வேலை முடிந்ததும் மறுபடி வகுப்பறைப் பிள்ளைகளிடமே வந்து நின்றார் இந்த வாத்தியார்.

இதற்கிடையே எழுதிய தமிழ் இசைப்பாடல்கள் மட்டும் 600-க்கு மேல். 1987 ஜனவரி 20-ம் தேதி தூரன் காலமானார்.

இப்போ எங்கே படிக்கலாம்?

இரண்டு கலைக்களஞ்சியங்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சில அறிவியல் தகவல்கள் பழசாகியிருக்கும், அது இயல்பு. ஆனால் கடினமான ஒரு விஷயத்தை நாலு வரியில் நல்ல தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரிஞ்சுக்க, புதிதாக ஒரு பள்ளியில் சேரப்போகும் எந்த ஆசிரியரும் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்க்கலாம்.