ஜெனீவாவில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சைதாப்பேட்டைக்காரர்

ஐயம்பேட்டையிலிருந்து பட்டுச் சேலை மூட்டையுடன் சென்னை தியாகராய நகருக்குப் போய்வரும் நம்மவர்கள் பலருக்கு ஹபிபுல்லா சாலை தெரியும். நடிகர் சங்கம் இருக்கும் சாலை என்று அடையாளம் சொல்வார்கள். அந்த ஹபிபுல்லா யார் என்று நாமும் நெடுங்காலம் கேட்டுக்கொண்டதில்லை. தேடிப் பார்த்தபோதுதான், நம் மாவட்டத்து மக்களுக்காகக் கடல் கடந்து போய்ப் பேசிய ஒருவரின் பெயரைத்தான் தினமும் கடந்து போகிறோம் என்று தெரிந்தது.

சர் முஹம்மது ஹபிபுல்லா சாஹிப் 1869-ல் சைதாப்பேட்டையில் பிறந்தார். அன்று சைதாப்பேட்டை செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டரின் தலைமையிடம். காஞ்சிபுரமும் நம் ஐயம்பேட்டையும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. படிப்பை முடித்து 1888-ல் வேலூரில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். வேலூர் நகராட்சித் தலைவர், சென்னை சட்டமன்ற உறுப்பினர், பிறகு 1920 முதல் கவர்னரின் நிர்வாகக் குழு உறுப்பினர் என்று படிப்படியாக உயர்ந்தார். சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு என்று நகராட்சி வேலையில் பழகியவர், 1925-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவுக்குப் போனார். கல்வி, சுகாதாரம், நிலம் ஆகிய துறைகள் அவரிடம் வந்தன.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அடிமை இந்தியாவுக்குத் தூதரகமும் கிடையாது, தூதர்களும் கிடையாது. வெளிநாடுகளில் குடியேறிய இந்தியர்களின் விவகாரம் இந்தக் கல்வி, நிலத் துறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் வேலூர் வக்கீல் ஒருவர் தூதர் வேலையைப் பார்க்க வேண்டியதாயிற்று.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நேட்டால் கரையைத் தொட்டது. அதிலிருந்து ஐம்பது ஆண்டுகள் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஒப்பந்தத்தில் கட்டுண்டு போனார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். அவர்களை அடுத்துக் குஜராத்தி முஸ்லிம் வியாபாரிகளும் போய்க் கடை வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் நிலம் வாங்கியதும், வியாபாரிகள் வெள்ளையர் கடைகளுக்குப் பக்கத்திலேயே கடை போட்டதும் அங்குள்ள வெள்ளையருக்குப் பொறுக்கவில்லை. 1925-ல் உள்துறை அமைச்சர் மலான் ஒரு மசோதா கொண்டுவந்தார். இந்தியர்கள் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டுமே குடியிருக்கலாம், கடை வைக்கலாம் என்பது அதன் சாரம்.

இந்திய அரசு முதலில் பேடிசன் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. தென்னாப்பிரிக்கக் குழு ஒன்றும் இங்கே வந்து சென்னையைப் பார்த்துவிட்டுப் போனது. அதன் பிறகுதான் கேப்டவுனில் வட்டமேசை மாநாடு கூடியது. 1926 டிசம்பர் 17-ல் தொடங்கி ஜனவரி இரண்டாம் வாரம் வரை நடந்தது. இந்தியக் குழுவுக்கு ஹபிபுல்லா சாஹிப் தலைவர். சீனிவாச சாஸ்திரியார், பிரோஸ் சேத்னா, கார்பெட் முதலியோர் உறுப்பினர்கள். எதிரே உட்கார்ந்தவர் மசோதாவைக் கொண்டுவந்த அதே மலான்.

1927 பிப்ரவரி 21-ல் இரு நாட்டிலும் உடன்பாடு வெளியானது. மசோதா கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் தங்க விரும்பும் இந்தியர்களின் கல்வியையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துவதாக அந்த அரசு ஒப்புக்கொண்டது. இந்தியாவின் பிரதிநிதி ஒருவர் அங்கேயே இருப்பதற்கும் வழி பிறந்தது. அந்தப் பதவிக்கு முதலில் போனவர் சாஸ்திரியார். டர்பனில் அவர் பெயரால் இந்தியர்களே பணம் திரட்டி எழுப்பிய கல்லூரி அந்த உடன்பாட்டின் நல்ல பக்கம்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஊர் திரும்பச் சம்மதிப்பவர்களில் பெரியவர் ஒருவருக்கு 20 பவுன், குழந்தைக்கு 10 பவுன், கப்பல் செலவு இலவசம் என்று ஆனது. மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பாவிட்டால் அங்கே வாழும் உரிமை போய்விடும். இதைத் தன்விருப்பம் என்றுதான் எழுதினார்கள். வேலையில்லாத கூலிக்கு அது எவ்வளவு தூரம் தன்விருப்பம் என்பது வேறு கேள்வி. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் பலர் நேட்டாலிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு இங்கே சொந்தமும் இல்லை, தொழிலும் இல்லை. திரும்பி வந்தவர்களின் அவல நிலையைப் பற்றி 1931-ல் பவானி தயாள் அறிக்கையே வெளியிட்டார். ஹபிபுல்லா சாஹிபின் பணியில் நமக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். ஆனால் அவர் கையில் சுதந்திர நாட்டின் பலம் இல்லை. மசோதாவை நிறுத்த அவரால் கொடுக்க முடிந்தது அந்த ஒன்றுதான் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்தில் இந்தியாவும் உறுப்பு நாடு. ஆனால் ஆண்டுதோறும் போன இந்தியக் குழுவுக்கு ஆங்கிலேயர்களே தலைவர்களாக இருந்தார்கள். இந்தியர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும் என்று இங்குள்ள சபைகளில் விடாமல் கேட்டு வந்தார்கள். 1929-ல் அந்த இடம் முதன்முதலாக ஓர் இந்தியருக்குக் கிடைத்தது. அவர்தான் ஹபிபுல்லா சாஹிப். அரசாங்கத்தின் ஆள் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு; அது பொய்யும் அல்ல. எந்தப் போராட்டத்திலும் அவர் சிறை சென்றவர் இல்லை. ஆனாலும் அந்த நாற்காலி ஒருமுறை இந்தியர் கைக்கு வந்தது.

1934-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரைத் திவானாக அழைத்தது. பத்மநாபசுவாமியின் பெயரால் ஆளப்பட்ட இந்து சமஸ்தானத்தில் முஸ்லிம் ஒருவர் திவான். ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் மூவரும் சேர்ந்து சட்டமன்றத்திலும் அரசு வேலையிலும் பங்கு கேட்டுக் கிளர்ந்த காலம் அது. தலைவர் சி.கேசவன் கைதானதும் இவர் காலத்தில்தான். 1936-ல் பதவி விலகினார். அடுத்து வந்தவர் சி.பி.ராமசாமி ஐயர்.

நாடு விடுதலை பெற்றதைப் பார்த்துவிட்டு, 1948 மே மாதம் ஹபிபுல்லா சாஹிப் வஃபாத்தானார். அதே மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் தேர்தல் நடந்தது. கேப்டவுன் மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த மலான் அதில் வென்று பிரதமரானார். 1950-ல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. 1927-ல் கைவிட்டதைவிடக் கடுமையான சட்டம் அது.