உயிரின் தோற்றம்: ஹால்டேன் திறந்து வைத்த கேள்வி

பூமியில் முதல் உயிர் எவ்வாறு தோன்றியது என்ற கேள்விக்கு நெடுங்காலமாக விடையளித்து வந்தவை சமயங்களே. அக்கேள்வியை வேதியியலின் எல்லைக்குள் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனில் பிறந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். கடவுள் நம்பிக்கையற்ற அவர், தமது இறுதி ஆண்டுகளை இந்தியாவில் கழித்து, இந்தியக் குடிமகனாக 1964ஆம் ஆண்டு புவனேஸ்வரத்தில் காலமானார்.

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அவரது தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கங்களில் உண்டாகும் நச்சு வாயுக்களை ஆராய்ந்த புகழ்பெற்ற உடலியலாளர். சிறுவயதிலிருந்தே மகனைத் தமது சோதனைகளில் அவர் ஈடுபடுத்தினார். ஆனால் உயிரை இயற்பியல், வேதியியல் விதிகளால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பது தந்தையின் உறுதியான கருத்து. மகன் சென்ற பாதை வேறாக இருந்தது.

நுண்ணுயிர்கள் தாமாகத் தோன்றுவதில்லை என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860களில் சோதனைகள் மூலம் காட்டியிருந்தார். உயிரிலிருந்தே உயிர் வருகிறது என்றால், முதல் உயிர் எங்கிருந்து வந்தது? படைத்தவன் ஒருவன் இருப்பதற்கு இது சான்று என்று இறைநம்பிக்கையாளர் பலர் கருதினர்.

1929இல் ஹால்டேன் எழுதிய சிறு கட்டுரை இதற்கு வேறொரு விடையை முன்வைத்தது. ஆதியில் பூமியின் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் இல்லை. எனவே சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலமும் இல்லை. அக்கதிர்கள் நீர், கரியமில வாயு, அம்மோனியா ஆகியவற்றின் மீது பட்டதால் கரிமப் பொருட்கள் உருவாகி, கடல்நீரில் சேர்ந்து, நீர்த்த சூப் போலாகின என்றும், உயிர் அங்கிருந்தே தோன்றியிருக்கலாம் என்றும் அவர் வாதிட்டார். சோவியத் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஒபாரின் இதையொத்த கருத்தை 1924லேயே வெளியிட்டிருந்தார். 1953இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர், எளிய வாயுக்களிலும் நீராவியிலும் மின்பொறியைச் செலுத்தி அமினோ அமிலங்களைப் பெற்றபோது, இக்கருத்து சோதனைக்கூடத்தில் வலுப்பெற்றது.

அறிவியல் ஒன்றாக இருப்பினும் அறிஞர்களின் நம்பிக்கை ஒன்றாக இருக்கவில்லை. டார்வினின் கொள்கையை மரபியலுடன் கணித வழியில் இணைத்த மூவருள் ஹால்டேனும் ரொனால்ட் ஃபிஷரும் அடங்குவர். ஃபிஷர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த பக்தர், ஹால்டேனோ நாத்திகர். கத்தோலிக்க எழுத்தாளர் ஆர்னால்ட் லன்னுடன் ஹால்டேன் அறிவியலையும் சமயத்தையும் குறித்து நடத்திய கடித விவாதம் 1935இல் நூலாக வெளிவந்தது.

சமயங்களின் பிடிவாதத்தைக் கடுமையாக விமர்சித்த ஹால்டேன், அரசியலில் அதே பிழைக்கு ஆளானார். 1942இல் அவர் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். சோவியத் ஒன்றியத்தில் ட்ரோஃபிம் லைசென்கோ அரசின் ஆதரவுடன் மரபியலை ஒடுக்கினார். ஹால்டேன் நன்கறிந்த மரபியலாளர் நிகோலாய் வவிலோவ் 1943இல் சிறையில் இறந்தார். அப்படியிருந்தும், லைசென்கோவை வெளிப்படையாகக் கண்டிக்க ஹால்டேன் நீண்டகாலம் தயங்கினார். சுமார் 1950இல் கட்சியிலிருந்து விலகினாலும், அவரது வாழ்வில் அது ஒரு களங்கமாகவே நீடிக்கிறது.

சூயெஸ் நெருக்கடியில் பிரிட்டன் நடந்துகொண்ட விதத்தை எதிர்த்த அவர், 1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். இந்திய உடை அணிந்தார். சைவ உணவை ஏற்றார். உயிர்களைக் கொல்லாமல் கவனித்தே ஆராயும் முறையைத் தம் மாணவர்களிடையே ஊக்குவித்தார். சென்னையிலிருந்து வெளியாகும் தி ஹிந்து நாளிதழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். மனிதனும் விலங்கும் உறவினர் என்ற டார்வினின் கருத்து ஐரோப்பாவை அதிரவைத்தது போல் இந்தியச் சமய மரபுகளை அதிரவைக்க வேண்டியதில்லை என்பது அவரது பார்வை. இந்திய அறநெறிகளை மதித்தாரே தவிர, இறைநம்பிக்கையை அவர் ஏற்கவில்லை.

1962இல் புவனேஸ்வரத்துக்குச் சென்று அங்கு ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். 1963இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த மாநாட்டில் ஒபாரினைச் சந்தித்தபோது, கருத்தை முதலில் வெளியிட்டவர் ஒபாரினே என்று தயக்கமின்றி ஒப்புக்கொண்டார். புற்றுநோயால் பாதிக்கப்பட்ட அவர், தமது இரங்கலுரையைத் தாமே பிபிசி தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்தார். 1964 டிசம்பர் 1ஆம் தேதி அவர் மறைந்தார். அவரது விருப்பப்படி, உடல் காக்கிநாடாவிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

ஹால்டேன் கற்பனை செய்த ஆதி வளிமண்டலம் இன்று கேள்விக்குள்ளாகியுள்ளது. உயிர் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் தோன்றியிருக்கலாம் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். உயிரற்ற பொருளிலிருந்து உயிரை இதுவரை எவரும் உருவாக்கிவிடவில்லை. விடை கிடைக்காத அந்த இடைவெளியே இறைவனின் இடம் என்று கூறுவோர் உண்டு. அது இன்னும் செய்யப்படாத ஆய்வின் இடம் என்று ஹால்டேன் கருதினார். இந்தியாவில் 2023இல் பத்தாம் வகுப்புக்கான தேசியப் பாடநூலிலிருந்து பரிணாமக் கொள்கை நீக்கப்பட்டபோது விஞ்ஞானிகள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கேள்வியை மூடிவிடும் அதிகாரம் சமயத்துக்கும் இல்லை, கட்சிக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை என்பதையே ஹால்டேனின் சாதனையும் சறுக்கலும் ஒருங்கே உணர்த்துகின்றன.