அமீர் குஸ்ரு – ஒரு பொருளுக்கு மூன்று பெயர்



நம்ம ஊர் மீன் ஏலத்தில் நின்றால் ஒரே இறாலுக்கு ரெண்டு பெயர் காதில் விழும். நாம் இறால் என்போம். தெலுங்குக்காரர்கள் ரொய்யலு என்பார்கள். இதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. கேட்டுக் கேட்டே வந்துவிட்டது. இப்படியே பாட்டாகச் சொல்லி அரபியும் பாரசீகமும் கற்றுத்தந்த ஓர் அகராதி இருக்கிறது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் கவிஞர்தான் அமீர் குஸ்ரு.

இவர் கி.பி. 1253-ல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள பட்டியாலி என்ற ஊரில் பிறந்தார். அப்பா துருக்கியர். அம்மா டெல்லியைச் சேர்ந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டில்தான் வளர்ந்தார். அதனால் அம்மாவின் மொழியான இந்தவி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. இதுதான் பிறகு இந்தி, உருது என வளர்ந்தது.

பெரியவரானதும் பல சுல்தான்களிடம் அரசவைக் கவிஞராக இருந்தார். 1285-ல் மங்கோலியர்களோடு நடந்த போரில் கைதியாகப் பிடிபட்டு, எப்படியோ தப்பி வந்தார். நிஜாமுதீன் அவுலியா என்ற ஞானியைத் தன் குருவாக ஏற்றார்.

அந்த அகராதியின் பெயர் காலிக் பாரி. இரண்டுமே படைத்தவனைக் குறிக்கும் அரபுச் சொற்கள். ஒரே பொருளுக்கு அரபி, பாரசீகம், இந்தவி என்று பெயர்களைப் பாட்டிலேயே அடுக்கிச் சொல்லும். உதாரணமாக, மீனுக்கு அரபியில் சமக், பாரசீகத்தில் மாஹி, இந்தியில் மச்லி. உப்புக்கு அரபியில் மில்ஹ், பாரசீகத்திலும் இந்தியிலும் நமக். பல நூற்றாண்டுகள் வடநாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் இதைப் பாடிப் பாடியே படித்தார்கள்.

ஒரு உண்மையையும் சொல்லணும். இது ஜஹாங்கீர் காலத்தில் (1605–1627) வேறொரு குஸ்ரு எழுதியது என்று மஹ்மூத் ஷிரானி என்ற அறிஞர் கூறினார். அப்படியென்றால் மக்கள் ஏன் இதை இவர் பெயரில் சொன்னார்கள்? அப்பா வழியில் துருக்கி, அம்மா வழியில் இந்தவி, கவிதைக்குப் பாரசீகம், ஓதுவதற்கு அரபி. அவர் வாழ்க்கையே ஓர் அகராதி போலத்தானே இருந்தது!

இன்னொரு ஆச்சரியம். 1318-ல் எழுதிய ஒரு நூலில் அவர் இந்திய மொழிகளை வரிசையாகச் சொல்கிறார். அதில் மாபார் மொழியும் உண்டு. அரபு வணிகர்கள் நம் சோழமண்டலக் கரையை மாபார் என்றுதான் அழைத்தார்கள். அப்போ அது நம்ம தமிழ்தான்!

1325-ல் குரு இறந்தபோது குஸ்ரு வங்காளத்தில் இருந்தார். திரும்பி வந்து துக்கத்திலேயே இருந்து, சில மாதங்களில் தானும் இறந்தார். டெல்லியில் குருவின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கன்னியாகுமரியிலிருந்து போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் போய் நிற்பதும் அந்தக் குருவின் பெயர் கொண்ட ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனில்தான்.

நாம் இங்கிலீஷ் வார்த்தைகளை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் பண்ணுகிறோம். அரபி ஓதும் தோழிகளும் அப்படித்தான் என்கிறார்கள். தெரிந்த சொல்லுக்குப் பக்கத்தில் தெரியாத சொல்லை வைத்துப் பாருங்கள், பயம் போய்விடும். வீட்டில் பேசும் மொழியைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டாம். அதுதான் மற்ற மொழிகளுக்கு வாசல்.

– 9-ஆம் வகுப்பு மாணவி