ஸர் வில்லியம் ராம்ஸே

அம்பத்தூரிலும் ஆவடியிலும் எஃகைப் பற்றவைக்கும் பட்டறைகளில் நெடிய உருளைகள் நிற்பதை நம் மாணவர்களிற் பலர் கண்டிருப்பர். அவற்றுட் சில ஆர்கான் என்னும் வாயு அடைத்தவை. அவ்வாயுவைக் கண்டறிந்த இருவருள் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

ராம்ஸே 1852-ம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ந் தேதி ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். அந்நகரிலும் ஜெர்மனியிலும் கற்றுத் தேர்ந்து, 1887 முதல் இலண்டன் யூனிவர்ஸிடி கலாசாலையில் இரசாயனப் பேராசிரியராய் விளங்கினார். வேண்டிய கண்ணாடிக் கருவிகளைத் தாமே ஊதிச் செய்யும் கைத்திறனும் அவர்க்கு வாய்த்திருந்தது.

1892-ல் ராலே பிரபு ஒரு விந்தையைக் கண்டு, அதனைப் பன்முறை சோதித்தார். ஒரே கண்ணாடிக் கோளத்தில், ஒரே உஷ்ணநிலையிலும் அழுத்தத்திலும், காற்றினின்று பிரித்த நைட்டிரஜனை நிரப்பினால் எடை 2.310 கிராம், இரசாயனப் பொருள்களினின்று எடுத்ததை நிரப்பினால் 2.299 கிராம். பேதம் நூற்றுக்கு அரைப் பங்கே. கைப்பிழையென்று தள்ளிவிடுதல் எளிது, அவர் தள்ளினாரல்லர். கொள்ளளவும் உஷ்ணமும் அழுத்தமும் ஒத்திருப்பின் மூலக்கூறுகளின் தொகையும் ஒத்திருக்கும் என்பது அவோகாட்ரோவின் விதி. ஆகவே, ஒன்றில் இலேசான பொருள் கலந்திருத்தல் வேண்டும். அன்றேல் மற்றதிற் கனத்த பொருள் கலந்திருத்தல் வேண்டும்.

ராம்ஸே காற்றின் நைட்டிரஜனைக் காய்ந்த மக்னீஸியத்தின்மேற் பலகாற் செலுத்தினார். நைட்டிரஜன் உலோகத்தோடு கூடி மறைய, எதனோடுங் கூடாத சிறிதளவு வாயு எஞ்சிற்று. 1894-ல் இருவரும் அதனை உலகுக்கு அறிவித்தனர். தொழிலற்றது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு ஆர்கான் எனப் பெயரிட்டனர்.

1895-ல், சூரியனில் மட்டும் உள்ளதென்று எண்ணப்பட்ட ஹீலியத்தைப் பூமியின் கனிப்பொருளொன்றினின்று ராம்ஸே வெளிப்படுத்தினார். 1898-ல் டிராவர்ஸ் என்பாரோடு நியான், கிரிப்டான், ஸெனான் ஆகிய மூன்றையுங் கண்டார். 1904-ல் ராலேக்குப் பௌதிகத்திலும் இவருக்கு இரசாயனத்திலும் நோபெல் பரிசு கிடைத்தது.

நம் தேசமும் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. ஜம்ஷெட்ஜி டாடாவின் விஞ்ஞானக் கழகத் திட்டத்தை ஆராய இந்தியா போந்து, பெங்களூரே தக்க இடமென்று கூறியவர் இவரே. 1909-ல் தோன்றிய அக்கழகத்துக்கு டிராவர்ஸ் முதல் தலைவரானார்.

1910-ல், ஒரு கன மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கும் இல்லாத ராடான் வாயுவைச் சிறு குழாயிலடைத்து நிறுத்து, அதன் அணுவெடை 222-க்கு அணித்தென்று காட்டினார். 1916-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி காலமானார்.

40 லிட்டர் உருளையில், 27 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில், 150 வளிமண்டல அழுத்தத்தில் ஆர்கான் இருப்பின், அதன் எடை ஏறக்குறைய 9¾ கிலோகிராம் என்று நம் மாணவர் எளிதிற் கணக்கிடுவர். அக்கணக்கில் 40 என்று தாம் எழுதும் மூலக்கூற்றெடை, ஒரு கிராமில் நூற்றிலொரு பங்கை அலட்சியஞ் செய்யாதார் ஈட்டித் தந்த செல்வம் என்பதை அவர் மறவாதிருப்பாராக.